அத்தையின் கோலம் சின்னதானது ஏன்?

போன இதழில் வத்தல், வடகம் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. கூழ் வத்தலுக்கு ஜவ்வரிசி எத்தனை பங்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கட்டுக்குள் இருந்த ஒரு கடிதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இந்தத் தடவை இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சகோதரிக்குத்தான்.

திருச்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பார்க்கின்சன் வியாதி. நடக்கும்போது திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறதாம். "டான்ஸ் ஆடினால் நடை வரும் என்று ஒருவர் சொன்னார். 68 வயதில் என்ன டான்ஸ் என்று அண்ணன் சிரிக்கிறான். இது உண்மையா, அல்லது யாராவது காசு பறிக்கச் செய்யும் வேலையா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான் சகோதரி. ஆனால் எவ்வளவு உண்மை, எங்கே எல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை தரும்படி ஒன்றும் இல்லை.

என் மாமியாருக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிற கை. 2016 வாக்கில் அந்தக் கோலம் சின்னதாக ஆரம்பித்தது. புள்ளிகள் நெருங்கி, கடைசி வரிசைக்கு வரும்போது கடுகு மாதிரி ஆகிவிடும். "அத்தைக்கு முன்னே மாதிரி சிரத்தை இல்லை" என்று நினைத்துக்கொண்டேன். அதே சமயம் முகமும் மாறிப்போயிற்று. நான் என்ன சமைத்து வைத்தாலும், பிள்ளைகள் என்ன வேடிக்கை பண்ணினாலும் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. குரலும் உள்ளே போய்விட்டது. மருமகள் மனசு எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "என் மேல் என்ன கோபமோ, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்" என்று இரண்டு வருஷம் நானும் பதிலுக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அது கோபம் இல்லை, வியாதி. முகத்துச் சதைகள் இறுகி, உணர்ச்சி வெளியே தெரியாமல் போவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. எழுத்து சிறுத்துப் போவது இன்னொன்று. கோலமும் கையெழுத்துத்தானே! கை நடுங்கினால்தான் பார்க்கின்சன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அத்தைக்கு நடுக்கம் வந்தது கடைசியில்தான். நாங்கள் முதலில் காட்டிய டாக்டரும் "வயசானால் அப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

2018 ஆவணியில் ஒரு காலை. அடுப்பில் பால். ஹாலில் இருந்த அத்தையை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். வந்தவர் நிலைப்படி அருகில் நின்றுவிட்டார். "வாங்க அத்தை, பால் பொங்குது" என்கிறேன், நகரவில்லை. "கால் வரமாட்டேங்கு" என்றார், எனக்குக் காதில் விழவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. அப்படியே முன்னால் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. "என்னைய ஏன் இழுக்கே?" என்று அவர் கேட்ட குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர்தான் நடையைப் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கேதான் பெயர் தெரிந்தது.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் 1817ல் ஆறு நோயாளிகளைக் கவனித்து எழுதிவைத்ததால் அவர் பெயர் வந்தது. நம் வைத்திய முறைகளில் கம்பவாதம் என்று சொல்வார்கள். நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதி டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோவதுதான் வியாதி. ஏன் அழிகின்றன என்பதற்குப் பெரும்பாலானவர்கள் விஷயத்தில் ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது.

தோசை வார்க்கும்போது கரண்டியை எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்று யாராவது எண்ணுகிறோமா? கை பாட்டுக்குச் சுற்றும், வாய் பாட்டுக்குப் பிள்ளையை அதட்டும். நடப்பதும் அப்படித்தான். "வலது காலை எடு, இடது காலை எடு" என்று நாம் சொல்வதில்லை. தானாக நடக்கும் இந்தக் காரியங்களுக்கு உள்ளே தாளம் போட்டுக் கொடுப்பது மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி. டோபமின் குறைந்ததும் அந்தத் தாளக்காரர் தூங்கிவிடுகிறார். அடி சின்னதாகிறது, கை வீசாது, வாசற்படி, திருப்பம், நெருக்கடியான இடம் வந்தால் கால் உறைந்துபோகிறது.

உள்ளே இருக்கிற தாளக்காரர் தூங்கினாலும் வெளியே இருந்து ஒருவர் தாளம் போட்டால் கால் கேட்கும். அதுதான் விசேஷம். காது வழியாகவும் கண் வழியாகவும் வரும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு மூளையில் வேறு பாதைகள் இருக்கின்றன. தரையில் குறுக்கே கோடு கிழித்தால் இந்த நோயாளிகள் அதைத் தாண்டித் தாண்டி நன்றாக நடக்கிறார்கள் என்று லண்டன் நரம்பியல் டாக்டர் பர்டன் மார்ட்டின் 1967ல் வந்த தம் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். 1996ல் அமெரிக்காவில் மைக்கேல் தாட் என்பவரும் அவர் குழுவும் நோயாளிகளைத் தினம் அரை மணி நேரம், மூன்று வாரம், தாளத்துக்கு ஏற்ப நடக்கவைத்தார்கள். நடையின் வேகம் 25 சதவிகிதம் கூடியது. தாளம் இல்லாமல் நடந்து பழகியவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை.

இனி டான்ஸுக்கு வருகிறேன். நியூயார்க்கில் புரூக்ளின் என்ற பகுதியில் மார்க் மாரிஸ் என்பவரின் நடனக் குழு இருக்கிறது. பெரிய பெயர் பெற்ற குழு. அவர்கள் 2001ல் புரூக்ளினில் சொந்தக் கட்டிடத்துக்கு வந்தபோது, அந்தப் பகுதி பார்க்கின்சன் நோயாளிகள் சங்கத்தைத் தொடங்கிய ஓலி வெஸ்ட்ஹைமர் என்ற பெண்மணி போய், "எங்கள் ஆட்களுக்கு நீங்கள் டான்ஸ் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று கேட்டார். அவர் கேட்டது வைத்தியம் அல்ல, டான்ஸ். உடம்பை எப்படி நகர்த்துவது என்று யோசித்து யோசித்துப் பழகியவர்கள் நடனக்காரர்கள்தான், நோயாளிக்கும் இப்போது அதுதானே தேவை என்பது அவர் எண்ணம். எவ்வளவு சரியான யோசனை பாருங்கள்! டேவிட் லெவன்தால், ஜான் ஹெகின்பாதம் என்ற இரண்டு நடனக் கலைஞர்கள் ஒரு சிறு குழுவுக்கு வகுப்பை ஆரம்பித்தார்கள். இன்று அந்த முறை 25க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் நாட்டிலும் பூனாவில் ஹ்ருஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வகுப்புகள் நடத்தியிருக்கிறார்.

அந்த வகுப்பு எப்படி நடக்கும்? எல்லாரும் வட்டமாக நாற்காலியில் உட்காருகிறார்கள். பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். முதலில் உட்கார்ந்தபடியே கை, தோள், இடுப்பு, பாதம். அப்புறம் நாற்காலி முதுகையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு நின்று ஆடுவது. முடிந்தவர்கள் ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தே ஆடுகிறார்கள். கடைசியில் கைகோத்து வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் வணக்கம். அங்கே யாரையும் நோயாளி என்று கூப்பிடுவதில்லை. மாணவர்தான்.

2020ல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, அந்தக் குழு வகுப்பைக் கம்ப்யூட்டர் வழியாக நடத்தியது. என் பெண் செல்போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து அத்தைக்குக் காட்டினாள். அத்தை பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது கும்மிதானட்டி" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அத்தை பிறந்த ஊரில் முளைப்பாரி போட்டால் கும்மிக்கு முதல் ஆளாக நிற்பது அவர்தானாம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூப்பிடும்வரை அடிப்பார்களாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ஒரு நாள் கேட்டதில்லை.

கும்மியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கைதட்டல் காதுக்குத் தாளம். முன்னால் போகிறவளின் கால் கண்ணுக்குக் குறிப்பு. எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றி மாற்றிப் போட வேண்டும், கை பெரிதாக வீச வேண்டும். திரும்புவதும் இருந்த இடத்தில் சட்டென்று அல்ல, பெரிய வட்டமாக. இந்த நோயாளிகள் விழுவது பெரும்பாலும் சட்டென்று திரும்பும்போதுதான். வட்டமாகச் சுற்றி வா என்று பிசியோதெரபிக்காரர்கள் சொல்வதைக் கும்மி தானாகவே செய்யவைக்கிறது. கும்மியை வைத்து டாக்டர்கள் சோதித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டாங்கோ என்ற அர்ஜென்டினா நாட்டு ஆட்டத்தை வைத்துத்தான் நிறையச் சோதித்திருக்கிறார்கள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் காமன் எர்ஹார்ட் என்ற பெண்மணியின் குழு 62 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு மணி நேரம், ஒரு வருஷம் டாங்கோ ஆடவைத்தது. 2012ல் முடிவை வெளியிட்டார்கள். ஆடியவர்களுக்கு நடையும் நிலையும் நன்றாகியிருந்தன, உடல் விறைப்பு முதலிய அறிகுறிகளும் குறைந்திருந்தன. ஆடாதவர்களுக்கு அப்படி இல்லை. டொராண்டோவில் 16 பேரை மூன்று வருஷம் கவனித்து 2021ல் வந்த ஆராய்ச்சியில், வாரம் ஒருமுறை ஆடியவர்களுக்கு நடமாட்டச் சிரமம் அவ்வளவாக முற்றவில்லை என்று கண்டார்கள். 16 பேர் என்பது கொஞ்சம் பேர்தான். ஆட வருகிறவர்கள் ஏற்கெனவே உற்சாகமானவர்களாகவும் இருக்கலாம். ஆகவே நோய் இதனால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிற்காது. நடை, நிலை, மனசு மூன்றும் தேறும், இருக்கிற சக்தி வீணாகாமல் இருக்கும். இது வரைக்கும்தான் சொல்லலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு டான்ஸ் ஆடலாமா என்று கேட்டால், கூடவே கூடாது.

எங்கள் வீட்டில் செய்த விதத்தைச் சொல்கிறேன். நரம்பு டாக்டரிடமும் பிசியோதெரபி அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தோம். நீங்களும் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். மாத்திரை போட்டு, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் ஆட வேண்டும். அத்தைக்கு அது முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து. லெவோடோபா மாத்திரைக்கும் பருப்பு, பால், முட்டை போன்ற புரதச் சாப்பாட்டுக்கும் ஒத்துவராது. இரண்டும் ஒரே வாசலில் நுழையப் போட்டி போடும். எனவே எத்தனை நிமிஷம் முன்னால் மாத்திரை என்பதை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஹாலில் கிடந்த சாக்கு மிதியடி, ஓரம் சுருண்ட பாய் எல்லாவற்றையும் எடுத்தேன். அத்தையின் சேலையை இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டிவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்பதால் பழைய மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். முதல் இரண்டு வாரம் உட்கார்ந்தபடிதான். கையை எவ்வளவு அகலமாக விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்துத் தட்ட வேண்டும், பாதத்தால் தரையை அறைய வேண்டும். "பெரிசா, இன்னும் பெரிசா" என்று என் பெண் சொல்லிக்கொண்டே இருப்பாள். தங்களுக்குச் சரியாகத் தோன்றும் அசைவு உண்மையில் பாதிதான் என்பது இவர்களுக்குத் தெரியாது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, எடையை மாற்றி மாற்றி. ஒரு மாதம் கழித்து நானும் என் பெண்ணும் இரண்டு பக்கமும் நிற்க, வட்டமாக நடந்து கும்மி. பின்னால் அடி எடுத்து வைப்பதை மட்டும் பிசியோதெரபி அம்மா இருக்கும்போதுதான் செய்தோம். மொத்தம் இருபது நிமிஷம். எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கு உட்கார்ந்தபடியே போதும். இந்த வியாதியிலும் இதற்கான மருந்திலும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது உண்டு.

தாளத்தின் வேகத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். குஷியாக இருக்கட்டும் என்று வேகமான சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டேன். அத்தையின் கால் தடதடவென்று ஓடி முன்னால் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பிடித்துக்கொண்டோம். அவருடைய சொந்த நடைக்கு நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, அந்த வேகத்தில்தான் முதலில் தட்ட வேண்டுமாம். கூட்டுவதானால் கொஞ்சம் கொஞ்சமாக.

அந்த நிலைப்படிக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். செம்மண் குழைத்து, அடுக்களை வாசலுக்கு முன்னும் பின்னும் குறுக்காகப் பட்டைப் பட்டையாகக் காவி போட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் அடி இடைவெளி விட்டு. நன்றாகக் காய்ந்து ஒட்டிய பிறகுதான் நடக்கவிட வேண்டும், ஈரத்தில் வழுக்கும். அத்தை அந்தப் பட்டைகளைப் பார்த்துத் தாண்டித் தாண்டி வாசலைக் கடந்தார். கால் உறைந்தால் இப்போது யாரும் இழுப்பதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, மூச்சு விட்டு, இடம் வலம் என்று இரண்டு தடவை உடம்பை ஆட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் மூன்றில் கால் கிளம்பிவிடும். பத்துக்கு எட்டுத் தடவை கிளம்பும்.

நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் ஒரு பரீட்சை உண்டு. அத்தைக்கு முதலில் 31 விநாடி ஆயிற்று. நான்கு மாதம் கழித்து 22.

பக்கவாதம் வந்தவர்களுக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். தாளத்தோடு நடைப் பயிற்சி அவர்களுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு பக்கம் பலமே இல்லாமல் இருக்கும், தோள் மூட்டு நழுவும் அபாயம் உண்டு. ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆட்டிவைக்க வேண்டாம். அதை இன்னொரு சமயம் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. பூனைக்காலி விதைப்பொடி நல்லது என்று நாலு பேர் சொல்வார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மையே. 1937ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். மாத்திரையாக வருவதற்கு முப்பது வருஷம் முன்னால்! ஆனால் அதனாலேயேதான் ஆபத்து. மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் மருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள்.

திருச்சிச் சகோதரிக்கு: அண்ணன் சிரித்தால் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரரும் முதலில் கதவைச் சாத்திவிட்டு ஆடுங்கள் என்றார். அம்மாவுக்கு என்ன ஆட்டம் பிடிக்கும் என்று அம்மாவிடமே கேளுங்கள். கோலாட்டமோ, பஜனைக்குக் கைத்தாளமோ, பழைய பாட்டுக்குத் தலையாட்டுவதோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அத்தைக்கு இப்போது 78. வியாதி அதன் பாட்டுக்கு முற்றிக்கொண்டுதான் வருகிறது. நின்று கும்மியடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான். மாலை ஐந்து மணிக்கு நானும் என் பெண்ணும், சில நாள் எதிர்வீட்டுப் பெண்ணும் சுற்றி நிற்போம். நான் தாளம் தப்பினால் அத்தை தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அவர் சிரிக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.